வரங்களை மறைத்து வாழ்ந்த மக்கள்

அறிவியல் புனைகதை என்றவுடன் விண்கலங்களும் இயந்திர மனிதர்களும் நட்சத்திரப் போர்களுமே நம்மில் பெரும்பாலோரின் மனக்கண்முன் தோன்றுகின்றன. நம்பிக்கை வாழ்வுக்கும் அத்தகைய நூல்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம்; கேட்பதும் முறையே. ஆயினும், 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டபுள்டே பதிப்பகம் வெளியிட்ட ஒரு நாவலைப் பற்றி இங்கு எழுதத் துணிகிறோம். அதன் பெயர் ‘பில்கிரிமேஜ்’. தமிழில் ‘திருப்பயணம்’ எனலாம். எழுதியவர் ஸென்னா ஹெண்டர்சன் என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியை. முதலில் தனித்தனிக் கதைகளாக ஓர் இதழில் வெளிவந்த ஆறு கதைகளை, ஒரு புதிய கதைச் சரட்டினால் கோத்து அவர் நாவலாக்கினார். அக்கதைகளின் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே விவிலியம் அறிந்தவருக்கு ஆவல் பிறக்கும்: அரராத்து, கிலயாது, கூழ், பாலைநிலம், சிறையிருப்பு, யோர்தான். நோவாவின் பேழை தங்கிய மலையில் தொடங்கி, வாக்களிக்கப்பட்ட நாட்டின் எல்லையில் ஓடும் ஆற்றில் அந்த வரிசை முடிகிறது.

கதை இதுதான். தொலைவிலுள்ள வேறோர் உலகம் அழிந்துபோகிறது. அதில் வாழ்ந்தோர் அதனை ‘இல்லம்’ என்றே அழைத்தார்கள். அங்கிருந்து கப்பல்களில் தப்பியவர்களில் ஒரு பகுதியினர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நம் பூமியை அடைகின்றனர். அவர்கள் வந்த கலம் வளிமண்டலத்தில் எரிந்து சிதைய, சிறு சிறு உயிர்காப்புக் கலங்களில் ஏறி, அமெரிக்காவின் தென்மேற்கு மலைநாட்டில் ஆங்காங்கே சிதறி விழுகின்றனர். உறவினர் ஓரிடம், குழந்தைகள் ஓரிடம். தோற்றத்தில் அவர்கள் நம்மைப் போன்றவர்களே. ஆனால் அவர்களுக்குப் பிறவியிலேயே சில வரங்கள் உண்டு. தரையை விட்டு மேலெழுவார்கள். தொடாமலே பொருள்களை நகர்த்துவார்கள். பிறர் எண்ணத்தை உணர்வார்கள். சிலர் பிறருடைய நோவைத் தம் உடலிலேயே உணர்வார்கள். தங்களை அவர்கள் ‘மக்கள்’ என்று மட்டுமே சொல்லிக்கொள்கிறார்கள். நாம் அவர்களுக்கு ‘வெளியார்’.

வெளியாரின் கண்ணில் இந்த வரங்கள் பட்டபோது நடந்தது என்ன என்பதை நாமே ஊகிக்கலாம். 1966-இல் இங்கிலாந்திலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் வெளியான இரண்டாம் தொகுப்பில், ஒரு குடும்பத்தைச் சூனியக்காரர் என்று கருதி, விடுதலைப் பயண நூலின் ஒரு வசனத்தைக் காட்டி, வீட்டோடு எரித்துவிடும் மதவெறியர் வருகின்றனர். இத்தகைய அச்சத்தின் நிழலில் தப்பிப் பிழைத்த பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு முதலில் கற்பித்தது மறைத்து வாழ்வதையே. நூல் முழுவதும் ஊடாடும் வேதனை இதுவே. வரம் பெற்றவன் உலகை வெல்வானா என்பதை இந்நூல் கேட்கவில்லை. தனக்குள் இருப்பது நல்லது என்று ஒரு குழந்தை அறிய அனுமதிக்கப்படுமா என்று கேட்கிறது.

இக்கேள்வி அந்நாளில் எவ்வளவு புதியது என்பதை அறிய, அக்காலப் பின்னணியைச் சிறிது காணவேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர் அட்டைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளைப் பற்றி 1934-இல் ஒரு நூல் வெளியிட்டார். புலன்களின் துணையின்றி அறியும் ஆற்றல் உண்டு என்று அவர் வாதிட்டார். பின்வந்த அறிவியலாளர் பலர் அம்முடிவுகளை ஏற்கவில்லை. சோதனை முறைகளில் குறை கண்டனர். ஆயினும் கதையாசிரியர்களுக்கு அது பெருவிருந்தாயிற்று. ‘அஸ்டவுண்டிங்’ இதழின் ஆசிரியர் ஜான் காம்பெல் 1950-களில் இத்தகைய மன ஆற்றல் கதைகளை மிகுந்த ஆர்வத்தோடு ஊக்குவித்தார். அவ்விதழில் 1940-இல் தொடராக வந்த வான் வோட்டின் ‘ஸ்லான்’ நாவலில், பிறர் மனத்தை அறியும் புதிய இனத்தார் வேட்டையாடப்படுகின்றனர்; ஆனால் அவர்களே மனிதகுலத்தின் அடுத்த படி. அதற்கும் முன்னர், 1935-இல் ஓலாஃப் ஸ்டேபிள்டன் எழுதிய ‘ஆட் ஜான்’ நாவலின் நாயகன் சாதாரண மனிதரைத் தாழ்ந்த உயிர்களாகவே காண்கிறான். 1953-இல் முதல் ஹியூகோ பரிசைப் பெற்ற ஆல்பிரட் பெஸ்டரின் நாவலில் மனம் அறிவோர் காவல்துறையில் பணிபுரிகின்றனர். உயர்ந்தவர் யார், ஆள்பவர் யார், தப்புபவர் யார் என்பவையே இக்கதைகளின் கவலை. அவை சுவையானவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் ‘எனக்கு ஆற்றல் இருந்தால்’ என்று கனவு காணும் இளைஞனின் ஏக்கம் அவற்றில் சற்று மிகுதி.

ஹெண்டர்சன் வந்த வழி வேறு. 1917-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று, அரிசோனா மாநிலத்தில் பிறந்தார். மோர்மன் குடும்பம், பின்னாளில் மெதடிஸ்து திருச்சபையைச் சார்ந்தார். 1940-இல் பட்டம் பெற்று, வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறு பிள்ளைகளின் வகுப்பறையிலேயே கழித்தார். பிரான்சில் அமெரிக்க விமானப்படைத் தளத்துப் பள்ளியிலும், கனெக்டிகட் மாநிலத்தில் நோயுற்ற குழந்தைகளுக்கான மருத்துவமனையிலும்கூடச் சில காலம் கற்பித்தார். இவை அனைத்தினும் நம் கவனத்தை ஈர்ப்பது, போர்க்காலத்தில் அவர் செய்த ஒரு பணி.

1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் விளைவாக மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் வீடு, நிலம், கடை அனைத்தையும் விட்டு முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. அரிசோனாவில் சகாட்டன் என்னும் ஊருக்கருகே அமைந்த கிலா ஆற்று முகாமில் மட்டும் 13,000-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். அது அமெரிக்கப் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலம். அவர்கள் எதிர்த்தும் அங்கேயே முகாம் எழுப்பப்பட்டது. அந்த முகாமின் பள்ளியில் கற்பித்தவர்களுள் ஒருவர் ஸென்னா ஹெண்டர்சன். அமெரிக்க அரசு 1988-இல்தான் இச்செயலுக்காகச் சட்டத்தின் வழியே மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு அறிவித்தது. ஹெண்டர்சன் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1983-இல் இறந்துவிட்டார்.

தோற்றத்தாலும் வழிமரபாலும் மட்டுமே ஐயத்துக்குள்ளான பிள்ளைகளின் முகத்தை நாள்தோறும் பார்த்த ஓர் ஆசிரியை, பின்னர் ‘வெளியார்’ நடுவே மறைந்து வாழும் பிள்ளைகளைப் பற்றி எழுதினார்; ஒரு கதைக்குச் ‘சிறையிருப்பு’ என்று பெயரும் வைத்தார். இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பது நம் ஊகமே. எனினும், அந்த வகுப்பறையை அறியாத ஒருவர் இக்கதைகளை இவ்வாறு எழுதியிருக்க முடியுமா என்ற ஐயம் நமக்கு உண்டு.

அவருடைய கதைகளை முதலில் அச்சேற்றியவர் யார் என்பதும் நம் வாசகர்களுக்கு மகிழ்வு தரும் செய்தி. 1949-இல் ஜே. ஃபிரான்சிஸ் மெக்கோமஸுடன் சேர்ந்து ‘மேகசின் ஆஃப் ஃபேன்டசி அண்ட் சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ என்ற இதழைத் தோற்றுவித்த ஆன்டனி பௌச்சர், ஆழ்ந்த பற்றுடைய கத்தோலிக்கப் பொதுநிலையினர். அவரே எழுதிய ‘புனித அக்வினைத் தேடி’ என்ற சிறுகதை 1951-இல் வெளிவந்தது. நம்பிக்கையும் அறிவும் எங்கே சந்திக்கின்றன என்று விளையாட்டுப் போல வினவும் கதை அது. 1952 அக்டோபரில் அவர் இதழில் ‘அரராத்து’ வெளிவந்தது. பின்னர் 1954, 1955, 1957, 1958 என ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை. இறுதிக் கதையான ‘யோர்தான்’ 1959-இல் வந்தபோது பௌச்சர் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். கத்தோலிக்க மதத்தைத் தழுவிய வால்டர் மில்லரின் ‘லீபோவிட்ஸுக்கு ஒரு புகழ்ப்பாடல்’ நாவலின் முதற்பகுதியும் இதே இதழில்தான் 1955-இல் வெளிவந்தது. மில்லரின் நாவல் 1961-இல் ஹியூகோ பரிசு பெற்று இன்றும் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. அதே இதழில் பிறந்த ஹெண்டர்சனின் நூலோ மெல்ல மெல்ல மறக்கப்பட்டது.

ஆறு கதைகளில் நம் நெஞ்சைவிட்டு அகலாதது ‘கூழ்’. கைவிடப்பட்ட ஒரு சுரங்க ஊருக்கு இளம் ஆசிரியை ஒருத்தி பணிக்கு வருகிறாள். அவள் வெளியிலிருந்து வந்தவள். வகுப்பில் ஓசையே இல்லை. எந்த ஆசிரியரும் மகிழ வேண்டிய ஒழுங்கு; ஆனால் அவளுக்கு அச்சமாக இருக்கிறது. விளையாட்டு நேரத்தில் பிள்ளைகள் விளையாடுவதில்லை. ஓடுவதில்லை. நடக்கும்போதும் காலைத் தூக்காமல் புழுதியில் இழுத்து இழுத்து நடக்கிறார்கள். வறுமையா, நோயா, அடியா என்று அவள் எண்ணிப் பார்க்கிறாள். உண்மை வேறு. காலைத் தூக்கினால் அவர்கள் மேலெழுந்துவிடுவார்கள். ஆகவே நடக்கக் கற்ற நாள் முதல் தரையைத் தேய்த்துக்கொண்டே நடக்கவேண்டும் என்பது பெற்றோர் இட்ட கட்டளை.

அப்பெற்றோரைக் கொடியவர்களாக ஆசிரியை காட்டவில்லை என்பதே இக்கதையின் உயர்வு. அவர்கள் பிள்ளைகளை நேசிக்கிறார்கள். முன்னோர்க்கு நேர்ந்த கொலைகளை நினைவில் வைத்திருக்கிறார்கள். பிள்ளை பிழைத்திருக்க வேண்டும். அதற்காக அது பிள்ளையாய் இராமற்போனாலும் சரி என்று ஒரு தலைமுறையே முடிவு செய்துவிட்டது. பசி மிகுந்து ஒரு கிண்ணம் கூழுக்காகத் தலைமகனுரிமையை விற்ற ஏசாவைப் பற்றித் தொடக்க நூல் 25-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். அவனை இகழ்வது நமக்கு எளிது. ஆனால் இந்த ஊரில் கூழ் என்பது பாதுகாப்பு. பாதுகாப்பு வேண்டும் என்று சொன்னவரை இகழ்வது அவ்வளவு எளிதன்று. கதையின் முடிவை இங்கே சொல்லி, படிக்க விரும்புவோரின் இன்பத்தைக் கெடுக்க மாட்டோம்.

இதைப் படித்தபோது நமக்கு நினைவு வந்தவர் கூப்பர்த்தினோ நகர்ப் புனித யோசேப்பு. தேர்வு எழுதும் மாணவரின் பாதுகாவலராகவே நம்மில் பலர் அவரை அறிவோம். 1603-இல் தென் இத்தாலியில் பிறந்து, பள்ளியில் ‘வாய் பிளந்தவன்’ என்று கேலி செய்யப்பட்டு, பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து குருவானார். செபத்தில் பரவசமுற்று அவர் அந்தரத்தில் எழுந்ததாகச் சான்று கூறியோர் பலர். விளைவு என்ன? மக்கள் திரண்டனர், மேலிடத்தார் அஞ்சினர். 1638-இல் நேப்பிள்ஸ் நகரில் விசாரணை மன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். குற்றமில்லை என்று தெரிந்த பின்னரும், பொதுவில் திருப்பலி நிறைவேற்றவோ மற்றத் துறவிகளோடு பாடற்குழுவில் நிற்கவோ பவனியில் நடக்கவோ பல்லாண்டுகள் அவருக்கு அனுமதியில்லை. அசிசியிலிருந்து வேறு மடங்களுக்கும், இறுதியில் ஓசிமோவுக்கும், ஆள் அறியாமல் மாற்றப்பட்டார். 1663-இல் அங்கேயே மறைந்தார். அவரும் முணுமுணுக்காமல் கீழ்ப்படிந்தார் என்பது வரலாறு.

அவருடைய புனிதர் பட்ட வழக்கில் ஐயங்களை எழுப்பும் பொறுப்பில் இருந்தவர் புரோஸ்பரோ லாம்பர்த்தீனி. அவரே பின்னர் 14-ஆம் பெனடிக்ட் என்னும் பெயரில் திருத்தந்தையாகி, 1753-இல் யோசேப்புக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். வியத்தகு ஆற்றல் ஒருவரிடம் இருப்பது மட்டும் அவர் புனிதர் என்பதற்குச் சான்றாகாது என்று விரிவாக எழுதி வைத்தவரும் அவரே. யோசேப்பு உயர எழுந்ததற்காகப் புனிதராக்கப்படவில்லை. அன்பிலும் பணிவிலும் சிறந்ததற்காகவே. இதனை நாம் மறத்தலாகாது. ஆனாலும், எதற்காக அவரை இத்தனை ஆண்டுகள் ஒளித்து வைத்தோம் என்ற வினா, ஹெண்டர்சனின் கதையில் புழுதியைத் தேய்த்து நடக்கும் பிள்ளைகளைக் காணும்போது மீண்டும் எழுகிறது. அச்சம் எல்லா நேரமும் பகைவரிடமிருந்தே வருவதில்லை.

‘கிலயாது’ கதையில் வரும் பெத்தி என்ற சிறுமியின் நிலை இன்னும் கடினமானது. தாய் மக்களைச் சேர்ந்தவள், தந்தை வெளியார். அச்சிறுமிக்கு வாய்த்த வரம், அருகிலிருப்போரின் உடல்நோவைத் தானும் உணர்தல். பேருந்தில் ஏறினால், கடைத்தெருவுக்குச் சென்றால், பள்ளி வகுப்பில் அமர்ந்தால் யாரோ ஒருவருடைய வலி அவளைத் தாக்கும். எவரேனும் விரும்பிக் கேட்டுப் பெறக்கூடிய வரமா இது? கிலயாது நாட்டில் பிசின் தைலம் இல்லையா என்று எரேமியா புலம்பியதைத் தலைப்பு நினைவூட்டுகிறது. அதே நோவை உணரும் ஆற்றலே, பயிற்றப்பட்டபின், மருத்துவருக்குத் துணையாகி நோயின் இடத்தைக் காட்டும் கருவியாகிறது. வரம் தனியாக இருந்தபோது அவளைக் கொன்றுகொண்டிருந்தது. ஒரு குழுமத்துக்குள் வந்தபோதுதான் அது மருந்தாயிற்று. தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தைப் பலமுறை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். பொது நன்மைக்காகவே வரங்கள் அளிக்கப்படுகின்றன என்ற அப்போதனைக்கு இத்துணை உயிருள்ள விளக்கத்தை ஓர் அறிவியல் புனைகதையில் காண்போம் என்று எதிர்பார்க்கவில்லை.

இந்நூல் வெளியான மறு ஆண்டு, 1962-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. சங்கத்தந்தையர் எவரும் ஹெண்டர்சனைப் படித்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அருங்கொடைகள் பற்றிய ஒரு பெரும் விவாதம் அங்கும் எழுந்தது. தொடக்கத் திருச்சபையில் நிறைந்திருந்த அக்கொடைகள் பின்னர் குறைந்து ஏறத்தாழ மறைந்துவிட்டன என்று பலெர்மோவின் கர்தினால் ருஃபீனி கருதினார். 1963 அக்டோபர் 22 அன்று பெல்ஜியத்தின் கர்தினால் சூனன்ஸ் எழுந்து அதற்கு விடையளித்தார். அருங்கொடைகள் சிலருக்கே உரிய வியப்புப் பொருள்கள் அல்ல, எளிய இறைமக்கள் ஒவ்வொருவரிடமும் காணப்படுபவை, திருச்சபையின் வாழ்வுக்கு இன்றியமையாதவை என்பது அவர் வாதம். மனிதகுலத்தில் பாதியாக இருக்கும் பெண்களையும் சங்கத்தில் பார்வையாளர்களாக அழைக்கவேண்டும் என்று அதே உரையில் அவர் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு பெண்கள் அழைக்கப்பட்டனர். 1964 நவம்பர் 21 அன்று வெளியான ‘திருச்சபை’ என்ற கோட்பாட்டு விளக்கத்தின் 12-ஆம் எண், தூய ஆவியார் எல்லா நிலையிலுள்ள நம்பிக்கையாளருக்கும் சிறப்புக் கொடைகளைப் பகிர்ந்தளிக்கிறார் என்று கற்பிக்கிறது. அக்கொடைகள் உண்மையானவைதாமா எனத் தேர்ந்து தெளிவது திருச்சபைத் தலைவர்களின் பொறுப்பு என்றும், ஆனால் தூய ஆவியாரை அணைத்துவிடலாகாது என்றும் அதே எண் சேர்த்துச் சொல்கிறது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். மன ஆற்றல், பிறர் எண்ணம் அறிதல் என்றெல்லாம் பேசும்போது, குறி கேட்போரையும் வசியம் செய்வோரையும் நாடிச் செல்லும் வழக்கத்துக்கு இது துணைபோகுமோ என்று கவலைப்படுவோர் உண்டு. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அத்தகைய செயல்களைத் தெளிவாகக் கண்டிக்கிறது. மறைவான ஆற்றல்களைத் தம் வசப்படுத்திப் பிறர்மேல் அதிகாரம் செலுத்த முயல்வதே அக்கண்டனத்தின் மையம். ஹெண்டர்சனின் மக்கள் எதையும் வசப்படுத்த முயல்வதில்லை. இயல்பாய்ப் பெற்றதை இறைவனின் பெயரால் பயன்படுத்தவே அவர்கள் கூடுகிறார்கள். கூட்டங்களைச் செபத்தோடு தொடங்குகிறார்கள். இறந்தவரை இறைப் பிரசன்னத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டவர் என்கிறார்கள். இவை புனைகதையின் கற்பனைகள். அவற்றை மறையுண்மையாகக் கொள்ளவேண்டியதில்லை. அஞ்சி விலகவும் வேண்டியதில்லை.

ஆறு கதைகளையும் இணைக்கும் சரடு லியா என்ற இளம்பெண்ணின் கதை. ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு அவள் நிற்கும்போது நூல் தொடங்குகிறது. அவளுக்கு எந்த வரமும் இல்லை. வாழ்வில் பொருளே இல்லை என்ற வெறுமைதான் இருக்கிறது. காரென் என்ற மக்கள் இனத்துப் பெண் அவளைத் தடுத்துத் தம் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே மக்கள் தம் வரலாற்றைத் தொகுப்பதற்காகக் கூடியிருக்கிறார்கள். ஒவ்வொருவராக எழுந்து தாம் பட்டதைச் சொல்ல, லியா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு யாரும் அறிவுரை கூறுவதில்லை. புதுமை நிகழ்த்தி அவள் துயரத்தைத் துடைத்துவிடுவதும் இல்லை. அலைந்து திரிந்த அரமேயன் ஒருவனைத் தம் தந்தையென அறிக்கையிட்டே இஸ்ரயேலர் முதற்கனியைக் காணிக்கையாக்கினர் என்று இணைச்சட்ட நூல் 26-ஆம் அதிகாரம் கூறுகிறது. பாஸ்கா இரவிலும் பிள்ளைகள் கேட்க, பெரியோர் விடுதலையின் கதையைச் சொன்னார்கள். கதை கேட்டு ஒருவர் உயிர் பிழைக்க முடியும் என்பதில் ஹெண்டர்சனுக்கு ஐயமே இல்லை. வகுப்பறையில் கற்ற பாடமாக இருக்கலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. தனித்தனியே எழுதியவற்றைப் பின்னர் இணைத்ததால், லியா வரும் பகுதிகள் சில இடங்களில் ஒட்டுத்துணி போலத் தெரிகின்றன. நல்லவர்கள் மிக நல்லவர்களாக இருக்கிறார்கள். கண்ணீர் சற்று எளிதில் வந்துவிடுகிறது. மக்களுக்குள்ளேயே வரத்தைத் தன்னலத்துக்காகப் பயன்படுத்தும் ஒருவன் இருந்தால் என்னவாகும் என்ற கேள்வியை ஆசிரியை ஆழமாக எதிர்கொள்ளவில்லை. ஆதிப்பாவத்தைப் பற்றிய நம் நம்பிக்கையோடு நோக்கினால் இது சிறு குறையன்று. அறிவியல் புனைகதை வாசகர்கள் போரையும் இயந்திரங்களையும் எதிர்பார்த்த காலத்தில், ஒரு பெண், அதுவும் சிற்றூர்ப் பள்ளிகளையும் சிறு பிள்ளைகளையும் பற்றி எழுதியது, பலர் கண்ணுக்குச் சிறிதாகவே பட்டிருக்கும். 1959-இல் ‘சிறையிருப்பு’ ஹியூகோ பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1972-இல் இக்கதைகளைத் தழுவி ‘தி பீப்பிள்’ என்ற தொலைக்காட்சித் திரைப்படம் எடுக்கப்பட்டது. பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் நிறுவனம் அதில் ஈடுபட்டிருந்தது. கிம் டார்பி ஆசிரியையாக நடித்தார். அதன்பின் நூல்கள் மெல்ல மெல்லக் கடைகளிலிருந்து மறைந்தன.

இறுதிக் கதையான ‘யோர்தானில்’ வேற்றுலகில் குடியேறியிருந்த உறவினர் கப்பலோடு வந்து, மக்களைப் புதிய இல்லத்துக்கு அழைக்கிறார்கள். அங்கே அச்சமில்லை; மறைக்கத் தேவையில்லை; உழைக்கவும் தேவை மிகக் குறைவு. ஒருவர் வலியால் துடிக்க வேண்டியதும் இல்லை. எல்லாரும் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள் என்றே நாம் எண்ணுவோம். சிலர் ஏறுகிறார்கள், அவர்களுக்குத் தகுந்த காரணம் இருக்கிறது. சிலர் ஏறுவதில்லை. புழுதியும் வறட்சியும் வெளியாரின் ஐயமும் நிறைந்த இந்தப் பூமியில் தமக்கு வேலை இருக்கிறது என்கிறார்கள். தம்மைப் போலச் சிதறி, தாம் யாரென்றே அறியாமல், எங்கோ ஓர் ஊரில் தனித்து வளரும் பிள்ளைகள் இன்னும் இருக்கலாம், அவர்களைத் தேடவேண்டும்.

அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1995-இல், புத்தக வணிகர் கைவிட்ட இக்கதைகளைப் பாஸ்டன் பகுதி வாசகர் சங்கத்தார் தம் சொந்தப் பதிப்பகத்தின் வழியே ஒரே நூலாக வெளியிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘இன்கேதரிங்’. விடுதலைப் பயண நூலில் ஆண்டின் முடிவில் விளைச்சலைச் சேர்க்கும் திருநாளுக்கு உரிய பெயர் அது. மக்களைப் பற்றிய 17 கதைகள் அதில் உள்ளன. அவற்றுள் ஒன்று, ஹெண்டர்சன் உயிரோடிருந்தபோது எங்கும் அச்சேறாதது.